வாழைப்பழத்தை விட்டாச்சு, பொட்டாசியத்துக்கு என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 46 வயது. ஊர் திண்டுக்கல். ஐந்து மாதமாக அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை, பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மாவுச்சத்து ஒரு நாளைக்கு 40 கிராமைத் தாண்டாமல் சாப்பிடுகிறேன். 84 கிலோ இருந்தேன், இப்போது 73. பி.பி. 110/70. ஆனால் இரண்டு மாதமாக ராத்திரியில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கிறது. அலறிக்கொண்டு எழுந்து உட்காருகிறேன். காலையில் படுக்கையை விட்டு எழுந்தால் தலை கிறுகிறுக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் 3.6, நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. வாழைப்பழம், இளநீர், உருளைக்கிழங்கு சாப்பிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். மூன்றிலும் மாவுச்சத்து. சிறுமலை வாழைப்பழத்தைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்கிறேன். என் சாப்பாடு இதுதான்: காலையில் 30 பாதாம், வெண்ணெய் போட்ட காபி. மதியம் மூன்று முட்டை ஆம்லெட், காலிஃபிளவர் சாதம். இரவு கோழி வறுவல் அல்லது பனீர். நீர் கோத்துக்கொள்ளும் என்பதால் உப்பைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டேன். தண்ணீர் நாலு லிட்டர் குடிக்கிறேன். வெளிநாட்டிலிருந்து நாத்தனார் பொட்டாசியம் சிட்ரேட் பொடி அனுப்பியிருக்கிறார். பத்து நாளாக அரை ஸ்பூன் எலுமிச்சைத் தண்ணீரில் கலந்து குடிக்கிறேன். இரண்டு மாதமாக நான் சாப்பிடுவதையே சாப்பிடும் என் கணவரும் அதைக் குடிக்கிறார். அவருக்கு 52 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், பி.பி.க்கு டெல்மிசார்ட்டன் எடுக்கிறார். அளவைக் கூட்டலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கணவர் அந்தப் பொடியை இன்றோடு நிறுத்தட்டும். நாளைக் காலைத் தம்ளரில்கூட வேண்டாம்.

டெல்மிசார்ட்டன் நல்ல மாத்திரை. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்தைக் காக்கவும் அதைக் கொடுக்கிறார்கள். ஆனால் அது வேலை செய்யும் விதத்திலேயே ஒரு பக்கவிளைவு இருக்கிறது: சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே தள்ளுவதை அது மட்டுப்படுத்துகிறது. லோசார்ட்டன், ஓல்மிசார்ட்டன், ராமிப்ரில், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் எல்லாமே இந்த வகையில் ஒரே மாதிரிதான். இதோடு பல வருடச் சர்க்கரையும் சேர்ந்தால், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் சத்தமில்லாமல் குறைந்திருக்கலாம். வெளியே போகும் வழி குறுகியிருக்கும்போது உள்ளே அரை ஸ்பூன் பொடியைக் கொட்டினால் பொட்டாசியம் ரத்தத்தில்தான் தேங்கும். அளவு 5.5-ஐத் தாண்டினால் மருத்துவர்கள் கவலைப்படுவார்கள். 6-க்கு மேல் போனால் இதயத் துடிப்பின் ஒழுங்கே கெட்டுப்போகலாம். பல பேருக்கு அதுவரை ஒரு அறிகுறியும் தெரியாது என்பதுதான் இதில் எனக்குள்ள பெரிய பயம்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாகக் கால் எழவில்லை, நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை என்றார்கள். நாடித்துடிப்பு 40-ஐ ஒட்டி இருந்தது. இ.சி.ஜி.யைப் பார்த்த மருத்துவர், என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டு வரச்சொல்லி என்னை அனுப்பினார். அவர் மனைவி கூடையிலிருந்து ஒரு உப்பு பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். "பி.பி.க்கு நல்லதுன்னு சொன்னாங்கம்மா, ஆறு மாசமா குழம்பு, மோரு எல்லாத்துக்கும் இதைத்தான் போடறேன்." சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்த உப்பு. அதற்கு மேல் சூடு தணிய தினமும் இரண்டு இளநீர். அவர் எடுத்துவந்த பி.பி. மாத்திரையும் உங்கள் கணவருடைய வகைதான். அன்றைக்கே சிகிச்சை கிடைத்ததால் பிழைத்தார். அந்த அம்மா முகத்தை நான் மறக்கவில்லை. அக்கறையில்தான் செய்தார், யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பொட்டாசியம் கலந்த உப்பு கெட்டது என்று நான் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே, வீட்டு உப்புக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அந்தப் பரிந்துரை கிடையாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. வாயிலிருந்து வாய்க்குப் பரவும்போது முதல் பாதி மட்டும்தான் வந்து சேர்கிறது.

உங்கள் கணவர் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. டாபாகிளிஃப்ளோசின் எடுத்துக்கொண்டே மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் எகிறி அமிலத்தன்மை கூடும் ஆபத்து உண்டு. வழக்கமாக அந்த நிலையில் சர்க்கரை 300, 400 என்று காட்டும். இந்த மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே அது வந்துவிடலாம், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், தாங்க முடியாத அசதி எது வந்தாலும், சர்க்கரை 150தானே என்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே அவருடைய மருத்துவரைப் பார்த்து, "நான் இந்த மாதிரி சாப்பிடுகிறேன்" என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். மாத்திரையை மாற்றுவதா, உணவை மாற்றுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். போகும்போதே கிரியாட்டினின், இ.ஜி.எஃப்.ஆர். (இரண்டும் சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டுபவை), பொட்டாசியம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பத்து நாள் பொடி குடித்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சரி, இப்போது உங்கள் காலுக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது உப்புதான், பொட்டாசியம் அதற்கு அப்புறம்தான். உப்பைக் குறைத்தீர்கள், தண்ணீரைக் கூட்டினீர்கள். மாவுச்சத்து குறைந்த உணவில் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்தால் கால் சுருட்டுவதில் ஆச்சரியம் இல்லை.

சோறும் இட்லியும் சாப்பிட்ட காலத்தில் உங்கள் உடம்பில் இன்சுலின் நிறையச் சுரந்தது. இன்சுலினுக்குச் சர்க்கரையைக் கவனிப்பது மட்டும் வேலையில்லை, உப்பைப் பிடித்து வைத்துக்கொள் என்று சிறுநீரகத்துக்குச் சொல்வதும் அதுதான். மாவுச்சத்தை நிறுத்தியதும் இன்சுலின் இறங்குகிறது, சிறுநீரகம் உப்பை விட்டுவிடுகிறது. கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருந்த கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பும் கரைகிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும், அதுவும் வெளியேறும். முதல் இரண்டு வாரத்தில் நாலு கிலோ குறைந்தது என்று எல்லோரும் துள்ளுகிறார்களே, அதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான்.

உப்பு வெளியேறிக்கொண்டே இருந்தால் உடம்பு சும்மா இருக்காது. ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து, மிச்சமிருக்கும் சோடியத்தைக் காப்பாற்றப் பார்க்கும். சோடியத்தைப் பிடித்து வைக்க அந்த ஹார்மோன் கொடுக்கும் விலை பொட்டாசியம். ஒன்றை உள்ளே இழுத்து மற்றதை வெளியே தள்ளும். ஆக, நீங்கள் உப்பைக் குறைக்கக் குறைக்க, சாப்பிட்ட கொஞ்சப் பொட்டாசியமும் சிறுநீரில் போய்க்கொண்டிருக்கிறது. எவ்வளவு பொடி குடித்தாலும் இந்த ஓட்டையை அடைக்காமல் தொட்டி நிறையாது.

இன்னொரு விஷயத்தையும் யோசித்துப் பாருங்கள். முன்பு உங்களுக்கு உப்பு எங்கிருந்து வந்தது? இட்லி மாவில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பார், ரசம், பொரியல், ஊறுகாய், அப்பளம். இதில் முக்கால்வாசியை உணவுமுறை மாறியபோதே நிறுத்திவிட்டீர்கள். அதற்கு மேலும் ஆம்லெட்டில் போடும் சிட்டிகையைக் குறைத்தால் என்ன மிச்சம் இருக்கும்? காலையில் எழுந்ததும் வரும் கிறுகிறுப்பு அதைத்தான் காட்டுகிறது. படுக்கையிலிருந்து எழும்போது ரத்தக் குழாய்க்குள் போதுமான உப்பும் நீரும் இல்லை.

உங்கள் பி.பி. 110/70 என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்: நாள் முழுக்க எல்லாச் சமையலிலும் சேர்த்து, தலை தட்டிய ஒரு டீஸ்பூன், அதாவது ஐந்து கிராம் அளவு உப்பு உங்களுக்கு வேண்டும். சாதாரண அயோடின் உப்பு போதும், இந்துப்பு வாங்கச் செலவழிக்க வேண்டாம். மதியம் வெயிலில் போய்வந்தால் உப்புப் போட்ட மோர் ஒரு தம்ளர் குடியுங்கள். நாலு லிட்டர் என்று கணக்கு வைத்துத் தண்ணீரைத் திணிக்காதீர்கள், தாகத்துக்குக் குடித்தால் போதும். கணவருக்கு இந்த உப்புக் கணக்கு கிடையாது. அவருக்குத் தட்டில் தனியாகக் குறைத்துப் போடுங்கள்.

அடுத்தது பொட்டாசியம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளைக்குக் குறைந்தது 3,510 மி.கி. அமெரிக்க நிபுணர் குழு 2019-ல் பெண்களுக்கு 2,600 போதும் என்றது. இரண்டுக்கும் நடுவில் எங்கு இருந்தாலும் எனக்குத் திருப்திதான். உங்கள் பட்டியலை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். 30 பாதாமில் 250, மூன்று முட்டையில் 200, காலிஃபிளவரில் 300, கோழியில் 450 முதல் 500. எல்லாம் சேர்த்து 1,200, 1,300. பனீர் சாப்பிடும் நாளில் ஆயிரத்துக்கும் கீழே. பால் திரியும்போது பொட்டாசியத்தில் பெரும்பகுதி அந்த மோர்த்தண்ணீரோடு போய்விடுகிறது, நாமும் அதை வடித்துக் கொட்டிவிடுகிறோம். வெண்ணெயிலும் நெய்யிலும் பொட்டாசியம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை.

ஐந்து மாதமாகச் சாப்பிடுவதாக நீங்கள் எழுதிய பட்டியலில் கீரை என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? மாவுச்சத்தைக் குறைக்கிறேன் என்று தொடங்குகிறவர்கள் பலரும் கறியும் முட்டையும் நெய்யுமாக முடித்துக்கொள்கிறார்கள். கீரைக்கட்டு வாங்குவதையே மறந்துவிடுகிறார்கள். எனக்கு இந்த உணவுமுறையோடு சண்டை இல்லை. 11 கிலோ குறைந்தது பெரிய விஷயம், சர்க்கரை உள்ள பலருக்கு இது கைகொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் கீரையும் காயும் இல்லாமல் மாதக்கணக்கில் நடத்துவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

வாழைப்பழத்துக்கு எப்படியோ பெரிய பெயர் வந்துவிட்டது. நடுத்தர அளவு பழம் ஒன்றில் 420 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது, கூடவே 27 கிராம் மாவுச்சத்து. உங்கள் 40 கிராமில் பாதிக்கு மேல் ஒரே பழத்தில் தீர்ந்துவிடும். ஒரு நாளின் தேவை முழுவதையும் பழத்திலேயே எடுக்க வேண்டுமென்றால் எட்டுப் பழம் சாப்பிட வேண்டும், சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களே அதைச் செய்வதில்லை. தண்டுக்கீரையோ அரைக்கீரையோ 100 கிராம் எடுத்தால் 550, 600 மி.கி. வரை இருக்கிறது, மாவுச்சத்து நாலு கிராம்தான். சிறுமலைப் பழத்துக்குக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அதனால் பொட்டாசியத்தில் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. எடை நின்று, மாவுச்சத்தைக் கொஞ்சம் கூட்டும் காலம் வரும்போது அந்தப் பழம் முதலில் வரட்டும்.

இளநீர் அப்படியில்லை. 200 மி.லி. தம்ளருக்கு ஏறக்குறைய 500 மி.கி. பொட்டாசியம், ஏழெட்டு கிராம் மாவுச்சத்து. காயைப் பொறுத்து இது கூடும் குறையும். வெயிலில் அலைந்து வந்த நாளில், உங்கள் 40 கிராமுக்குள் ஒரு தம்ளரைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு காயை முழுசாகக் குடிக்க வேண்டும் என்பதில்லை. மிச்சத்தைக் கணவருக்குக் கொடுக்காதீர்கள், ரிப்போர்ட் வரும்வரை அவருக்கு இளநீரும் வேண்டாம்.

இப்படி ஒரு நாளை மாற்றிப் பாருங்கள். காலையில் அதே 30 பாதாம், அதோடு ஒரு தக்காளி வதக்கிப் போட்ட இரண்டு முட்டைப் பொடிமாஸ். மதியம் ஒரு கட்டுக் கீரை, ஆய்ந்த பிறகு 200 கிராம் நிற்கிற மாதிரி, மசித்தது. அதன் மேல் ஒரு கைப்பிடித் தேங்காய்த் துருவல். கூட 200 கிராம் மீன். மத்தி, அயிலை கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் அணைமீன், கட்லாவோ ரோகுவோ. இரவு ஒரு பாக்கெட் மொட்டுக் காளான் மிளகு போட்டு வதக்கி, ஒரு கப் தயிரோடு. இது கீரையில் 1,000, மீனிலும் காளானிலும் தலா 600, தயிரில் 300, பாதாமில் 250, தேங்காயிலும் தக்காளியிலும் முட்டையிலும் சேர்த்து 550 என்று 3,300-ஐத் தொடும். மாவுச்சத்து 35 கிராமுக்குள் நிற்கும். பொடியே தேவையில்லை.

தேங்காயைப் பற்றி ஒரு வார்த்தை. பாதாம் கிலோ என்ன விலை விற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். முற்றின தேங்காயில் 100 கிராமுக்கு 350 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது. நார்ச்சத்தைக் கழித்தால் மாவுச்சத்து ஆறு கிராம்தான். நம் வீட்டில் எப்போதும் இருக்கும் பொருளை விட்டுவிட்டு எல்லோரும் பாதாம் டப்பாவுக்கு ஓடுவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அவகாடோவும் நல்ல பழம்தான், 100 கிராமுக்கு 480 மி.கி. கிடைக்கும். கொடைக்கானல் பக்கம் வெண்ணெய்ப் பழம் என்று விற்பது இதுவேதான், பருவத்தில் உங்கள் ஊர்ச் சந்தைக்கும் வரும். வாங்க முடிந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் கவலையில்லை.

இதையெல்லாம்விட நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அடுப்படியில் இருக்கிறது. பொட்டாசியம் தண்ணீரில் கரைந்துபோகும் பொருள். காலிஃபிளவர் சாதம் எப்படிச் செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். புழு இருக்கும் என்று மஞ்சள் போட்ட வெந்நீரில் பூவை ஊறவைத்து எடுப்பார்கள். அது பரவாயில்லை, முழுப் பூவாக இரண்டு நிமிஷம் கிடந்தால் அதிகம் போகாது. அப்புறம் துருவி, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிஷம் வேகவிட்டு, மெல்லிய துணியில் கொட்டி, உதிரியாக வரவேண்டும் என்று இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிவார்கள். அந்த மஞ்சள் தண்ணீர் தொட்டியில் போகும்போது பொட்டாசியத்தில் பாதி அதோடு போய்விடுகிறது. உங்கள் காலிஃபிளவருக்கு நான் 600-க்குப் பதில் 300 போட்டது அதனால்தான். துருவியதை அப்படியே அகலமான வாணலியில் நெய் விட்டு, மூடாமல், நடுத்தரத் தீயில் கிளறுங்கள். தண்ணீர் தானாக வற்றி உதிரியாக வரும். பிழிய வேண்டியதே இல்லை.

கீரைக்கும் இதேதான். நம் பாட்டிகள் மண்சட்டியில் கீரையைப் போட்டு, இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீரே போதும் என்று வேகவிட்டு, மத்தால் கடைந்தார்கள். ஒரு சொட்டு வெளியே போகாது. இப்போது பச்சை நிறம் மாறக் கூடாது என்று நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிகட்டிவிட்டு, ஐஸ் தண்ணீரில் வேறு அலசுகிறார்கள். வடிக்கத்தான் வேண்டும் என்றால் அந்தத் தண்ணீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டுச் சாறாகக் குடித்துவிடுங்கள். கோழியும் மீனும் வறுவலாக இல்லாமல் குழம்பாகவோ சூப்பாகவோ இருந்தால் கரைந்ததும் வயிற்றுக்குள்ளேயே போகும். ஆட்டுக்கால் சூப்பில் நிறையப் பொட்டாசியம் இருக்கும் என்று நம்புகிறார்கள். கறியிலிருந்துதான் பொட்டாசியம் வருமே தவிர எலும்பிலிருந்து பெரிதாக வராது.

சிறுநீரகம் பழுதான நோயாளிகளுக்கு நாங்கள் சொல்வது இதற்கு நேர் எதிர். காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள் என்போம். உங்கள் கணவருடைய ரிப்போர்ட் சரியாக இல்லாவிட்டால் ஒரே அடுப்படியில் இரண்டு விதமாகச் சமைக்க வேண்டி வரும். அதனால்தான் அவர் ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

உங்களுக்கு எப்போதாவது சிறுநீரகக் கல் வந்ததுண்டா? வந்திருந்தால் மேலே சொன்ன பட்டியல் அப்படியே பொருந்தாது. தண்டுக்கீரை, பாலக் போன்றவற்றிலும் பாதாமிலும், கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் அதிகம். மாவுச்சத்து குறைந்த உணவில் இருப்பவர்கள் தினமும் நூறு பாதாமும் பச்சைப் பாலக் ஜூஸுமாகக் குடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிற்றைக் கலக்கும். கல் வந்தவர்கள் காளான், காலிஃபிளவர், மீன், தயிர் என்று போகலாம். வராதவர்களும் கீரையைத் தயிரோடு சேர்த்துச் சாப்பிடுவது நல்லது. தயிரின் சுண்ணாம்புச்சத்து குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடும்.

ரிப்போர்ட்டில் வந்த 3.6 பற்றி எழுதியிருந்தீர்கள். உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. நாம் ரத்தத்தில் பார்ப்பது மிச்சமுள்ள இரண்டு சதவீதத்தைத்தான். உள்ளே குறையத் தொடங்கினாலும் ரத்தத்தின் அளவை உடம்பு விடாமல் காப்பாற்றும், அதனால் 3.5-ஐ ஒட்டி நிற்கும் 3.6-ஐப் பார்த்து நான் முழு நிம்மதி அடைய மாட்டேன். ரத்தம் எடுக்கும் இடத்தில் பட்டையை இறுக்கிக் கட்டி, கையை மூடி மூடித் திறக்கச் சொல்லுவார்களே, அப்படிச் செய்தால் தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து, இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அடுத்த முறை கையைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சோதனையோடு மெக்னீசியத்தையும் பாருங்கள். அது குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காது, எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறாது. பூசணி விதை இதற்கு அருமையான பொருள், மெக்னீசியமும் பொட்டாசியமும் இரண்டுமே நிறைய. பறங்கிக்காய் நறுக்கும்போது விதையை எறியாமல் காயவைத்து வறுத்து வைத்துக்கொள்ளுங்கள், தினமும் ஒரு கைப்பிடி சாப்பிடலாம்.

கால் பிடிப்புக்கு எல்லா நேரமும் பொட்டாசியம்தான் காரணம் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். தைராய்டு, வைட்டமின் டி, சுண்ணாம்புச்சத்து என்று மருத்துவர் பார்க்க வேண்டியவை வேறு உண்டு. உப்பையும் சாப்பாட்டையும் சரிசெய்து மூன்று வாரம் ஆகியும் பிடிப்பு நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். நெஞ்சு படபடப்பு, மயக்கம், மாடிப்படி ஏற முடியாத அளவு தொடைச் சோர்வு வந்தால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். இப்போதைக்கு ராத்திரி பிடிக்கும்போது காலை நீட்டி, பாதத்தின் விரல் பக்கத்தைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி மெதுவாக இழுங்கள். கெண்டைத்தசை நீண்டு கொடுத்ததும் பிடிப்பு விடும். அலறல் கொஞ்சமாவது குறையும்.

நீங்கள் குடிக்கும் பொடி பற்றி: ஒரு கிராம் பொட்டாசியம் சிட்ரேட்டில் ஏறக்குறைய 360 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது. அரை ஸ்பூன் என்பது தலை தட்டியதா, குவித்ததா என்பதைப் பொறுத்து அளவு இரண்டு மடங்கு மாறும். அமெரிக்காவில் மருந்துச் சீட்டில்லாமல் விற்கும் மாத்திரைகளில் பொதுவாக 99 மி.கி.தான் இருக்கும், அவ்வளவு எச்சரிக்கை. சிறுநீரகம் நன்றாக உள்ள ஒருவருக்குப் பத்து நாள் அரை ஸ்பூன் ஆபத்தாக முடிந்திருக்க வாய்ப்பு குறைவு, அதனால் பயப்படாதீர்கள். ஆனால் உங்கள் கிரியாட்டினின் எனக்குத் தெரியாது, நீங்களும் எழுதவில்லை. நிறுத்திவிட்டு அதையும் பாருங்கள். பொட்டாசியம் 3.5-க்குக் கீழே போனால் மருத்துவர் மாத்திரையோ சிரப்போ எழுதிக் கொடுப்பார், எத்தனை நாள், எவ்வளவு என்று கணக்கோடு. அதைச் சாப்பாட்டுக்குப் பின், நிறையத் தண்ணீரோடு எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் எடுத்தால் வயிறு புண்ணாகும்.

ஒரு வேண்டுகோள். அந்தப் பொடி டப்பாவை அடுப்படி அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வெள்ளையாக, உப்பு மாதிரியே இருக்கும். நீங்கள் வெளியூர் போன நாளில் உங்கள் கணவரே ஆம்லெட் போட நேரலாம். இன்று சாயங்காலமே அதை எடுத்துத் தனியாகப் பூட்டி வையுங்கள், மருத்துவரைப் பார்க்கப் போகும்போது டப்பாவையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அவருடைய ரிப்போர்ட் வந்ததும் மூன்று எண்களையும் எனக்கு எழுதுங்கள். அவருக்கு என்ன சமைப்பது என்பதை அப்போது தனியாகச் சொல்கிறேன்.